பார்

பிரெஸ்த் துறைமுகத்தில் மழைக்கு வேலைநேரம் கிடையாது.
எனக்கு உண்டு.
மாலை நான்கிலிருந்து,
கடை மூடிய பின்னும் ஒரு மணி நேரம்,
இடம் மாறிக் கிடப்பவற்றை
இடம் சேர்ப்பது.

பெரும்பாலும் ஸ்நாக் பார்கள்.
தின்னும் பொருளுக்குப் பார் என்று பெயர் வைத்தால்
பார்க்கத்தான் செய்வார்கள்.
ஒன்பதாம் வரிசையில் எடுத்து
கைபேசியைக் கோடுகளின் மேல் பிடிப்பார்கள்.
ஒரு பீப்.
பச்சை என்றால் கூடைக்குள்.
சிவப்பு என்றால்
முகம் முதலில் மாறும், கை பிறகு.

எங்கே விட்டுப்போனார்கள் என்பதை வைத்து
அவர்களை எனக்குத் தெரியும்.
எடுத்த தட்டிலேயே வைப்பவர்கள் மனவுறுதிக்காரர்கள்,
அல்லது குழந்தையை வீட்டில் விட்டு வந்தவர்கள்.
நூடுல்ஸ் மேல் வைத்தவர் பத்தடி யோசித்திருக்கிறார்.
பூனைத் தீனிக்குப் பின்னால் ஒளித்தவள் ஒரு தாய்;
அலறல் அதுவரை கேட்டது.
ஒருமுறை உறைந்த பட்டாணிக்குள்
பாதி கடித்த ஒன்று கிடைத்தது.
கடித்த பிறகு ஸ்கேன் செய்தவர்.
அவரைப் பற்றி மட்டும்
மதாம் லெ கோஃபிடம் நான் சொல்லவில்லை.

உறை கிழிந்தவற்றை நாங்கள் தின்னலாம்.
கரும்பு தின்னக் கூலியும் தருகிறார்கள் என்று
சொல்லித் திரிந்தேன்,
பல் மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லும்வரை.

வியாழன்தோறும் ட்ராம் ஓட்டி முடித்து
சீருடைத் தோளில் ஈரத்தோடு
குவெனேல் வருவார்.
மார்ச்சில் அவருக்குச் சர்க்கரை என்றார்கள்.
அன்றிலிருந்து வாராவாரம்
அதே ஹேசல்நட் பாரை எடுத்து
அதே கோடுகளைக் காட்டுவார்.
நூறு கிராமில் முப்பத்தொன்று.
போன வாரமும் முப்பத்தொன்று.
லாட்டரிச் சீட்டைப் பார்ப்பவர்போல் கொஞ்சம் நிற்பார்.
பிறகு முகப்பு முன்னால் தெரிய
எடுத்த இடத்திலேயே வைப்பார்.
இந்த ஊரில் எனக்கு வேலை வைக்காத ஒரே ஆள்.

பின்பக்கத்தை அவரோடு நானும் படித்திருக்கிறேன்.
காவல்நிலையக் குறிப்பேடு மாதிரி இருக்கும்:
குளுக்கோஸ் பாகு என்கிற
அடர் ஆப்பிள் சாறு என்கிற
பார்லி மால்ட் என்கிற
ஒரே ஆசாமி.

நவம்பரில் உறை மாறியது.
பழுப்பு போய்ப் பச்சை. ஒரு வயல், ஒரு குருவி,
குருவியின் அலகில் கொட்டை எழுத்து:
கால் பங்கு சர்க்கரை குறைவு.
குவெனேல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.
பீப்.
முப்பத்தொன்று.
இன்னொரு முறை.
முப்பத்தொன்று.

நான் அடித்தட்டில் கைவிட்டு
விற்காமல் தங்கிய பழையதைத் தேடி எடுத்தேன்.
அவர் உள்ளங்கையில் இரண்டையும்
இரட்டைப் பிள்ளைகளாகப் படுக்க வைத்தோம்.
ஒன்று சவலை.
பழையது நாற்பது கிராம், புதியது முப்பது.
விலை அசையவில்லை.
குருவியின் வாலுக்கடியில் எறும்பெழுத்து:
ஒரு பாருக்கு, முந்தைய பாரோடு ஒப்பிட்டால்.

சர்க்கரையைக் குறைக்கவில்லை.
பாரைக் குறைத்திருந்தார்கள்.

அவர் சிரித்த சிரிப்பில்
மீன் வெட்டுகிறவர் கத்தியை நிறுத்தினார்.
"நாளையிலிருந்து நானும்
கடைசி ஏழு நிறுத்தத்துக்கு முன்பே
எல்லோரையும் இறக்கிவிடுகிறேன்.
பயண நேரம் கால் பங்கு குறைவு.
வண்டி முகப்பில் ஒரு குருவி வரைந்தால் போதும்."

அன்று வாங்கியது
வறுக்காத, உப்பிடாத ஹேசல்நட் ஒரு பொட்டலம்.
கைபேசி பச்சை காட்டி
நூற்றுக்குத் தொண்ணூறு போட்டது.
பள்ளியில்கூட அவ்வளவு வாங்கியதில்லை என்றார்.

அடுத்த வியாழன், எப்படி இருந்தது என்று கேட்டேன்.
"நல்லதுதான்."
குடையை உதறினார்.
"நல்லது மட்டும்தான்."

பிறகு ஒன்பதாம் வரிசைக்குப் போய்
குருவிப் பாரை எடுத்துக் கோடுகளைக் காட்டி,
பழைய நண்பனின் வயதைக் கேட்டுக்கொண்டவர்போல்
தலையாட்டி,
முகப்பை முன்னால் திருப்பி வைத்துவிட்டு
மழைக்குள் போனார்.